கற்பூரம்: பெயரின் வரலாறும் பொருண்மை மாற்றமும் – அடி அண்ணாமலைக் கிரிவல வழக்கை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழர் வழிபாட்டிலும் மருத்துவத்திலும் அன்றாடப் புழக்கத்திலும் இடம்பெறும் வேதிப்பொருள்களுள் கற்பூரம் ஒன்று. இச்சொல் ஒரே பொருளைக் குறிப்பதாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயினும் இலக்கியம் குறிக்கும் கருப்பூரமும், இன்று தீபாராதனையில் எரியும் சூடமும், சித்த மருத்துவம் கூறும் பூரமும் வேதியியல் நோக்கில் வேறுவேறானவை. கற்பூரம் என்னும் சொல்லின் பிறப்பு, தமிழில் அது பெற்ற ஒலிவடிவங்கள், பச்சைக் கற்பூரம் என்னும் தொடரிலுள்ள அடையின் பொருள், பெயர் பிற பொருள்களுக்குப் பரவிய முறை ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: கற்பூரம், கருப்பூரம், சூடன், வாறோசு, பச்சைக் கற்பூரம், பூரம், தற்பவம், பொருண்மை மாற்றம்.

முன்னுரை

திருவண்ணாமலையின் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. மலையின் கிழக்கே அருணாசலேசுவரர் பெருங்கோயில் அமைந்திருக்க, மலைக்குப் பின்புறம் மேற்குத் திசையில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள கோயில் ஆதி அண்ணாமலையார் கோயில் என வழங்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவையை அருளிய தலம் என்னும் மரபு இவ்வூருக்கு உண்டு. அவருக்குத் தனிக்கோயிலும் இங்கு உள்ளது. பௌர்ணமி இரவுகளில் வலம்வரும் அடியார்கள் பாதையோரக் கடைகளில் வில்லைச் சூடமும் கட்டிச் சூடமும் வாங்கி, எண்திசை இலிங்கங்களின் முன்னும் ஆதி அண்ணாமலையார் கோயிலின் முன்னும் ஏற்றுகின்றனர். கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் ஏற்றப்படும் தீபத்திற்கு நெய், காடாத் துணித் திரி ஆகியவற்றுடன் கற்பூரமும் பயன்படுகின்றது.

இவ்வூர்ப் பெயரே ஓர் ஆய்வுச் சிக்கலைக் காட்டுவதாகும். ஊர் ‘அடி அண்ணாமலை’ எனவும், கோயில் ‘ஆதி அண்ணாமலை’ எனவும் வழங்குகின்றன. முன்னதற்கு மலையடியில் அமைந்தது என்றும், பின்னதற்குத் தொன்மையானது என்றும் விளக்கம் கூறுவர். ஒலியில் நேரும் சிறு வேறுபாடு இருவேறு பெயர்க்காரணங்களுக்கு இடமளித்துவிடுகின்றது. அவ்வூரின் வாயிலில் எரியும் பொருளின் பெயருக்கும் இதுவே நிகழ்ந்துள்ளது. கருப்பூரம், கர்ப்பூரம், கற்பூரம் என மூவகையாக எழுதப்படும் இச்சொல்லுக்குக் ‘கல்’ என்னும் தமிழ்ச்சொல்லை அடியாகக் காட்டுவாரும் உளர். அவ்விளக்கம் பொருந்துமா என்பதை ஒலியியல், இலக்கியம், வணிக வரலாறு, வேதியியல் ஆகிய நான்கின் துணைகொண்டு ஆராய வேண்டியுள்ளது.

தமிழில் ஒலிவடிவங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கற்பூரம் என்பதனை ‘கர்ப்பூர’ என்னும் வடசொல்லின் வழிவந்ததாகக் காட்டுகின்றது. வடசொல் தமிழில் இருவேறு வடிவங்களை ஏற்றமைக்குரிய காரணத்தைத் தமிழ் இலக்கணமே தெளிவாக்குகின்றது. தனிக்குறிலை அடுத்து ரகர, ழகர மெய்கள் ஒற்றாக நில்லா என்பது தொல்காப்பியம் மொழிமரபு கூறும் விதி. நன்னூலும் இதனை வழிமொழிகின்றது. எனவே ‘கர்’ எனத் தொடங்கும் வடசொல் தமிழ் மரபுக்கு இயைய வேண்டுமாயின் இரண்டு வழிகளே உள்ளன.

முதலாவது, ரகர மெய்யோடு உகரம் சேர்தல். தர்மம் தருமம் எனவும், கர்மம் கருமம் எனவும், கர்ப்பம் கருப்பம் எனவும் அமைந்தமை போலக் கர்ப்பூரம் கருப்பூரம் ஆயிற்று. சிலப்பதிகாரமும் நாச்சியார் திருமொழியும் இவ்வடிவத்தையே ஆள்கின்றன. இரண்டாவது, ரகர மெய்க்கு மாற்றாக றகர மெய் வருதல். தனிக்குறிலை அடுத்து றகர மெய் வருதலுக்குத் தடையில்லை. கற்பு, பொற்பு முதலிய தமிழ்ச்சொற்களும், கற்பகம், கற்பனை, அற்புதம் முதலிய தற்பவச் சொற்களும் இவ்வொலியமைப்பைத் தமிழ்ச் செவிக்குப் பழக்கமாக்கியிருந்தன. அவ்வச்சில் வார்க்கப்பட்டதே கற்பூரம் என்னும் வடிவம்.

இவ்விரண்டாம் வடிவமே மக்கள் வழக்குப் பெயர்க்காரணத்திற்கு வித்திட்டது. ‘கல்’ என்பது வல்லினம் வருங்கால் ‘கற்’ எனத் திரியும் என்னும் புணர்ச்சி விதியை அறிந்தோர், கற்பூரம் என்பதைக் கல் + பூரம் எனப் பிரித்தனர். கட்டியாக இருப்பதனாலும் வெண்கல் போன்ற தோற்றத்தாலும் இப்பிரிப்புப் பொருத்தமுடையது போலத் தோன்றும். ஆயின் இப்பிரிப்பை ஏற்பின் கருப்பூரம் என்னும் வடிவத்திற்கு விளக்கம் கிட்டாது. ‘கல்’ என்பது ‘கரு’ எனத் திரிவதற்குத் தமிழில் விதியில்லை. கர்ப்பூர என்னும் வடிவத்திலிருந்தோ இரண்டு தமிழ் வடிவங்களையும் இலக்கண விதிப்படி பெறலாம். எனவே கல் + பூரம் என்பது வடிவம் அமைந்த பின்னர்க் கற்பிக்கப்பட்ட காரணமேயன்றிச் சொல்லின் பிறப்பைக் காட்டுவதன்று.

வடசொல்லுக்கு முன்

கர்ப்பூர என்னும் வடசொல் தானும் வேற்றுமொழிக் கொடை என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இதற்குரிய முதன்மைச் சான்று மரத்தின் தாயகமாகும். பழங்காலத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட கற்பூரம் சுமத்ரா, மலாயா, போர்னியோ ஆகிய பகுதிகளின் காடுகளில் வளரும் டிரையோபலனாப்சு அரோமேட்டிகா என்னும் நெடுமரத்தின் உள்வெடிப்புகளில் படிகமாகத் திரள்வது. இந்தியாவில் அம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. பொருள் தோன்றிய நிலத்தில் வழங்கும் மலாய் மொழியில் அதன் பெயர் ‘காப்பூர்’ என்பதாகும்.

மலாய் மொழியில் காப்பூர் என்பதற்குச் சுண்ணாம்பு என்னும் பொருளும் உண்டு. இதன் இனச்சொற்கள் சுண்ணாம்பைக் குறித்துத் தென்கிழக்காசியத் தீவு மொழிகளில் பரவலாக வழங்குகின்றன. தகலாகு மொழியில் ‘ஆப்போக்’ என்பது வெற்றிலையோடு சேர்க்கும் சுண்ணாம்பாகும். ஆகவே வெண்மையான சுண்ணாம்புப் பொடியைக் குறித்த சொல்லே, மரத்தினுள் வெண்படிகமாகக் கிடைத்த நறுமணப் பொருளுக்கும் பெயராகியிருத்தல் இயல்பு. தமிழில் ‘சுண்ணம்’ என்னும் சொல் நறுமணப் பொடியையும் சுண்ணாம்பையும் குறித்து வழங்குவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தில் இடிக்கப்படுவது நறுஞ்சுண்ணமே. சொற்கள் வேறாயினும், வெண்பொடியையும் நறும்பொடியையும் ஒரு பெயரால் வழங்கும் மனப்பாங்கு இருநிலத்தார்க்கும் பொதுவாக இருந்துள்ளது.

மலாய்ச் சொல்லில் இல்லாத முதல் ரகரம் வடசொல்லில் தோன்றியது எவ்வாறு என்னும் வினா இங்கு எழும். பாலி மொழியில் இச்சொல் ‘கப்பூர’ என ரகரமின்றி உள்ளது. நடுக்காலப் பாரசீகத்தில் ‘காப்பூர்’ எனவும், அரபியில் ‘காஃபூர்’ எனவும் வழங்கியது. வடமொழியின் ‘ர்ப’ என்னும் மெய்ம்மயக்கம் பாலி, பிராகிருத மொழிகளில் ‘ப்ப’ என ஒன்றுதல் பொது வழக்கு. ‘சர்ப்ப’ என்பது ‘சப்ப’ ஆதல் காண்க. இம்மாற்றத்தை நன்கறிந்த புலவர்கள், பேச்சுவழக்கிலிருந்த கப்பூர என்பதற்கும் ரகரம் சேர்ந்த மூலவடிவம் இருந்திருக்க வேண்டுமெனக் கொண்டு கர்ப்பூர என அமைத்திருக்கலாம். இது கருதுகோளேயாயினும், ரகரமற்ற வடிவங்கள் பரந்த நிலப்பரப்பில் வழங்குவதை நோக்க வலுவுடையது.

பாரசீக, அரபி வழியே சென்ற சொல் இலத்தீனில் ‘கேம்ஃபோரா’ எனவும், ஆங்கிலத்தில் ‘கேம்ஃபர்’ எனவும் ஆயிற்று. பொருளை அறியாதார் கையில் பெயர் மட்டும் போதாது என்பதற்கு ஒரு வரலாற்றுக் குறிப்பு சான்றாகும். கி.பி. 637ஆம் ஆண்டளவில் சாசானியத் தலைநகரைக் கைப்பற்றிய அரபுப் படையினர், அங்குக் கிடைத்த கற்பூரத்தை உப்பெனக் கருதினர் என அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

பெயரே விலக்காகிய வழக்கு ஒன்றும் மலாயாவில் இருந்தது. சொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிச் செல்லும் பழங்குடியினர், தேடல் முடியும்வரை காப்பூர் என்னும் சொல்லை வாயாற் கூறார். கூறினால் மரத்தில் படிகம் கிட்டாது என்பது அவர்தம் நம்பிக்கை. அதற்கெனத் தனிச்சொற்கள் கொண்ட ஒரு ‘கற்பூர மொழி’யையே அவர்கள் பேசினர். இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பதிவு செய்யப்பட்டுள்ளது. தமிழில் இடக்கரடக்கலையும் குழூஉக்குறியையும் ஆராய்வோர்க்கு இவ்வழக்கு நல்லதோர் ஒப்பீட்டுத் தரவாகும்.

வாறோசு என்னும் வணிகப்பெயர்

கற்பூரம் என்னும் பெயர் வடமொழி வழியாகத் தமிழுக்கு வந்தது. பொருளோ கிழக்குக் கடல்வழியாக வந்தது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, கப்பல் திரளில் வந்த அகில், துகில், சந்தனம், வாசப்பொருள்கள் ஆகியவற்றோடு கருப்பூரத்தையும் கூறி, அவற்றின் மணத்தைச் சுமந்து மதுரைக்குள் புகும் காற்றைக் கொண்டல் எனக் கிழக்குக் காற்றாகச் சுட்டுகின்றது. பொருள் வந்த திசைக்கு இஃது இலக்கியச் சான்று.

இப்பகுதிக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை இவ்வாய்விற்கு இன்றியமையாதது. கருப்பூரத்தின் வகைகளாக அவர் தரும் நீண்ட பட்டியலில் மலைச்சரக்கு முதலிய பல பெயர்களுடன் வாறோசு, சூடன், சீனச்சூடன் என்பனவும் இடம்பெறுகின்றன. இவற்றுள் வாறோசு என்பது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பாரூசு என்னும் துறைமுகத்தின் பெயர். மலாய் மொழியிலும் உயர்ந்த கற்பூரம் இன்றளவும் ‘காப்பூர் பாரூசு’ எனப்படுகின்றது.

பாரூசுக்கு அருகிலுள்ள லோபு துவா என்னுமிடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினரையும் வாரோசு என்னும் ஊர்ப்பெயரையும் அது குறிப்பிடுகின்றது. கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் இதனைப் பற்றி எழுதினார், பின்னர் எ. சுப்பராயலு இதனை மீளவும் படித்து ஆராய்ந்தார். இதற்குப் பதினோராண்டுகளுக்கு முன்னர், 1077இல், சோழநாட்டிலிருந்து சீனத்திற்குச் சென்ற 72 பேர் கொண்ட தூதுக்குழுவின் காணிக்கைப் பொருள்களுள் கற்பூரமும் இருந்ததைச் சீனக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. சுமத்ராவில் விளைந்த பொருளைச் சோழநாட்டுத் தூதர் சீனத்திற்குக் கொண்டுசென்றமை, இவ்வணிகத்தில் தமிழர் இடைநிலை வணிகராக விளங்கியதைக் காட்டும்.

பொதுப்பெயர் வடமொழி வழியும், வகைப்பெயர் துறைமுகத்திலிருந்து நேரடியாகவும் தமிழில் புகுந்தன. ஒரே பொருளின் இருபெயர்கள் இருவேறு வழிகளில் வந்தமையால், ஒரு சொல்லின் வழியைக் கொண்டு பொருளின் வழியை முடிவு செய்தல் பிழையாகும் என்பது பெறப்படும்.

சூடன், சீனச்சூடன் என்னும் பெயர்களும் கருதத்தக்கன. இன்று சூடம் என்பது எரியும் கற்பூரம் அனைத்திற்கும் பொதுப்பெயர். உரைகாரர் காலத்திலோ சூடன் என்பது பல வகைகளுள் ஒன்று. எரிப்பதனால் ‘சூடு’ என்பதிலிருந்து இப்பெயர் வந்ததென்பது மக்கள் விளக்கம். பட்டியலில் அது வணிகச் சரக்கின் வகைப்பெயராகவே நிற்பதால், எரித்தலை மட்டும் காரணமாகக் கொண்ட அவ்விளக்கம் ஐயத்திற்குரியது.

பச்சை என்னும் அடை

பச்சைக் கற்பூரம் பச்சை நிறமுடையதன்று, வெண்மையானது. இவ்வடை நிறத்தைக் குறிப்பதன்று என்பதைத் தமிழ் வழக்கே உணர்த்தும். பச்சைத் தண்ணீர் காய்ச்சாத நீர். பச்சைப்பால் காய்ச்சாத பால். பச்சரிசி புழுக்காத நெல்லின் அரிசி. தீயாற் பக்குவம் செய்யப்படாமை என்பதே இவற்றிற் பொதுப்பொருள்.

பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் கற்பூரத்தைப் பக்குவம் செய்தது, செய்யாதது என இருவகையாக்கி, செய்யாததே குணத்தில் உயர்ந்தது என்கின்றது. வடமொழியின் ‘அபக்குவ’ என்பதற்கும் தமிழின் ‘பச்சை’ என்பதற்கும் பொருள் ஒன்றே. வேதியியல் இப்பாகுபாட்டிற்கு அடிப்படை உண்டென்பதை உறுதி செய்கின்றது. சுமத்ரா மரத்தினுள் இயற்கையாகத் திரளும் படிகத்தின் முதன்மைச் சேர்மம் போர்னியோல். அதன் வாய்பாடு C₁₀H₁₈O. போர்னியோத் தீவின் பெயரே அச்சேர்மத்திற்கு இடப்பட்டது. சீனம், தைவான், சப்பான் ஆகிய நாடுகளில் வளரும் சின்னமோமம் கேம்ஃபோரா என்னும் மரத்தின் கட்டையைச் சிறு துண்டுகளாக்கி நீராவியால் வடித்துப் பெறுவது கேம்ஃபர். அதன் வாய்பாடு C₁₀H₁₆O. முன்னது காட்டில் படிகமாகவே கிடைப்பது. பின்னது தீயின் துணையால் பெறப்படுவது. இரண்டு ஐதரசன் அணுக்களே வேறுபாடாயினும், முன்னது ஆல்ககால் வகை, பின்னது கீட்டோன் வகை. மூலக்கூற்று ஆய்வு தோன்றுவதற்குப் பன்னூற்றாண்டுகளுக்கு முன்னரே வணிகரும் மருத்துவரும் இவ்வேறுபாட்டைப் பெயரால் காத்துவந்தனர்.

இன்று பெயரளவில் வேறுபாடு நின்றாலும் பொருளளவில் அது மங்கியுள்ளது. 1903இல் குசுடாவ் கோம்ப்பா என்னும் பின்லாந்து வேதியியலாளர் கேம்ஃபரை முழுமையாகத் தொகுத்தார். செல்லுலாய்டு தொழிலுக்கு இப்பொருள் பேரளவில் தேவைப்பட்டமையால் தொகுப்பு முறைகள் வளர்ந்தன. இக்காலத்துச் சூடம் பெரும்பாலும் பைன் மரத் தைலமாகிய டர்பன்டைனிலுள்ள ஆல்ஃபா பைனீன் என்னும் சேர்மத்திலிருந்து ஆலையில் செய்யப்படுவது. கிரிவலப் பாதையில் எரியும் வில்லைக்கும் சுமத்ராக் காட்டிற்கும் எஞ்சியுள்ள தொடர்பு பெயர் ஒன்றே.

பெயரின் பரவல்: பூரமும் ரசகற்பூரமும்

கற்பூரம் திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும் இயல்பினது. இதனைப் பாடநூல்கள் பதங்கமாதல் என்கின்றன. இக்கலைச்சொல் சித்த மருத்துவத்தின் பதங்கம் என்னும் மருந்துவகைப் பெயரிலிருந்து கொள்ளப்பட்டது. வெண்மை, பதங்கமாதல், மணம் ஆகிய மூன்று இயல்புகளுள் ஏதேனும் ஒன்றைப் பற்றியே இப்பெயர் பிற பொருள்களுக்குப் பரவியுள்ளது. மணம் பற்றிக் கற்பூரவள்ளி, கற்பூர வெற்றிலை என்பனவும், வெண்மையும் பளபளப்பும் பற்றிச் சிப்சம் கனிமத்திற்குக் கற்பூரசிலாசத்து என்பதும் அமைந்தன.

ரசகற்பூரம் என்பது வெண்மை, பதங்கமாதல் ஆகிய இரண்டையும் பற்றி வந்த பெயர். பாதரசத்தைப் பிற சரக்குகளுடன் சேர்த்துப் பதங்கித்துப் பெறும் வெண்ணிறப் பாதரசக் குளோரைடு அது. சித்த மருத்துவத்தில் பூரம் எனச் சுருங்கி வழங்கும். இதனோடு ஒருங்கு கூறப்படும் வீரம் என்பதும் பாதரசக் குளோரைடே, கொடிய நஞ்சு. கற்பூரத்திற்கும் இவற்றிற்கும் வேதியியல் உறவு சிறிதும் இல்லை.

இப்பரவல் நடைமுறைத் தீங்கிற்கும் வழிகோலுவது. ஓலைச்சுவடிகளிலும் பதிப்புகளிலும் ‘பூரம்’ எனச் சுருக்கமாக வரும் சரக்கைக் கற்பூரமெனக் கொள்ளும் வாசகன் மருந்தையே மாற்றிவிடுவான். துணிகளுக்கிடையே வைக்கும் நாப்தலீன் உருண்டையையும் பேச்சுவழக்கில் ரசகற்பூரம் என்போர் உண்டு. இந்தோனேசியாவிலும் காப்பூர் பாரூசு என்னும் பெயர் அவ்வுருண்டைக்கு வழங்குவது ஒப்புமை நோக்கத்தக்கது. உணவில் சேர்க்கும் பச்சைக் கற்பூரம், எரிக்கும் சூடம், பாதரசப் பூரம், நாப்தலீன் என்னும் நான்கும் ஒரு பெயரின் நிழலில் நிற்கின்றன. எரிக்கும் சூடத்தை விழுங்கும் குழந்தைகளுக்கு வலிப்பு உண்டாகும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. எனவே பெயரிலுள்ள அடைமொழியைச் சொல்லழகாகக் கருதி நீக்குதலோ சுருக்குதலோ கூடாது.

பண்பாட்டு வரலாற்றாய்விலும் இதே கவனம் தேவை. நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகத்தில் ஆண்டாள் வெண்சங்கிடம் கருப்பூர மணத்தைப் பற்றி வினவுவது இறைவனின் வாய்மணத்தை அறிதற்பொருட்டு. சிலப்பதிகாரக் கருப்பூரமும் வாசனைப் பொருள்களின் வரிசையில் வைக்கப்பட்டதேயன்றி விளக்கின் வரிசையில் வைக்கப்பட்டதன்று. பழம்பனுவல்களில் கருப்பூரம் என்னும் சொல் கிடைத்தவுடன் அதனைத் தீபாராதனைக்குச் சான்றாகக் காட்டுவது, சொல்லின் இன்றைய பொருளைப் பழங்காலத்தின் மேல் ஏற்றுவதாகும். பூசுதல், வெற்றிலையோடு உண்ணுதல், எரித்தல் என்னும் பயன்பாடுகளுள் எது குறிக்கப்படுகின்றது என்பதைச் சூழலே முடிவு செய்யவேண்டும்.

முடிவுரை

கற்பூரம் என்னும் சொல் சுண்ணாம்பைக் குறித்த தென்கிழக்காசியச் சொல்லிலிருந்து தோன்றி, வடமொழியில் கர்ப்பூர ஆகி, தமிழில் ஒலிமரபுக்கேற்பக் கருப்பூரம், கற்பூரம் என இருவடிவம் பெற்றது என்பது கிடைக்கும் சான்றுகளால் பொருத்தமாகின்றது. கல் + பூரம் என்னும் பிரிப்பு கருப்பூரம் என்னும் வடிவத்தை விளக்க மாட்டாமையின் ஏற்கத்தக்கதன்று. சொல் அயலிலிருந்து வந்தது என்பதால் தமிழர்க்கு இழுக்கில்லை. வாறோசு என்னும் உரைவழக்கும் லோபு துவாக் கல்வெட்டும் அப்பொருள் விளைந்த நிலத்தின் துறைமுகம்வரை தமிழ் வணிகர் சென்றதைக் காட்டுகின்றன.

பச்சை என்னும் அடை பக்குவம் செய்யப்படாமையைக் குறிப்பது; அது வேதியியல் வேறுபாடொன்றைக் காத்துவந்த சொல். பூரம், ரசகற்பூரம் என்னும் பெயர்கள் இயல்பொப்புமையால் வேறு பொருள்களுக்குச் சென்றவை. பதிப்பாசிரியரும் அகராதியாளரும் இவற்றைத் தனித்தனியே விளக்குதல் வேண்டும். அடி அண்ணாமலையில் ஏற்றப்படும் ஒரு வில்லைச் சூடம் சாம்பலின்றி எரிந்து மறைகின்றது. பொருள் எஞ்சாவிடினும், அது மரத்திலிருந்து ஆலைவரை வந்த வழியின் பெரும்பகுதி அதன் பெயர்களில் எஞ்சியுள்ளது. அடியார்க்குநல்லாரின் பட்டியலிலுள்ள ஏனைய வகைப்பெயர்களையும் வணிகக் கல்வெட்டுகளோடும் மலாய்ச் சொற்களோடும் ஒப்பிட்டு ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.